வெள்ளைப் பட்டை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்து வாசலில் நின்றபோது, சௌமியாவின் வலது காலுக்குள் ஒரு ரகசியம் இருந்தது.

முழங்கால் வரை வருகிற அந்தக் கறுப்பு வாக்கிங் பூட்ஸைப் பார்க்காதவர்கள் போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் யாரும் இல்லை. ஜூன் மாத மழையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகு இந்த பூட்ஸ். நாலு எட்டு நடக்கலாம், அதற்கு மேல் கூடாது, படி ஏறவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அந்த பூட்ஸின் ஸ்பாஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவேதான் எட்டாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

கப்பல் டிக்கெட். வரும் வியாழக்கிழமை, போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு. ஒரு ஆள். போக மட்டும்.

யாருக்கு என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் புதிதாக உள்ளே வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கை சங்கவிக்கு.

அக்கா விழுந்தாள் என்று கேட்டதும் பரமக்குடியில் ஜவுளிக்கடை பில்லிங் வேலைக்கு ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டுக் கப்பல் ஏறி வந்தவள் சங்கவி. அந்த ஒரு மாதம் இரண்டரை மாதமாகிவிட்டது. வந்த முதல் வாரம் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அதே சௌமியாதான், இப்போது அடுக்களையில் தங்கையின் வளையல் சத்தம் கேட்டாலே பல்லைக் கடிக்கிறாள்.

என்ன செய்துவிட்டாள் அந்தப் பெண்? ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் செய்தாள், அதுதான் குற்றம். சமைத்தாள், துவைத்தாள், ஏழு வயது நேத்ராவுக்கு இரட்டைச் சடை பின்னினாள், அத்தானுக்கு டிபன் கட்டினாள். சௌமியா ஹால் கட்டிலில் படுத்தபடி, தன் வீடு தான் இல்லாமலே வெகு அழகாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிடக் கொடுமை ஒரு குடும்பத்தலைவிக்கு உண்டா?

போன வாரம் அது வெடித்தது. “சங்கு வெக்கிற மீன் குழம்பு மாதிரி இந்தத் தெருவுலயே யாரும் வெக்க முடியாது” என்று சௌமியாவின் புருஷன் செந்தமிழன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான். “அப்ப அவளையே வெச்சுக்கிட்டு இருங்க, நான் எங்கயாச்சும் போயிடுறேன்” என்று சௌமியா தட்டைத் தள்ளிவிட்டாள். மறுநாளே பக்கத்து வீட்டு நசீரா அக்காவின் கணவர் அப்துல் வாஹித்துக்கு வாட்ஸப்பில் இரண்டு வரி தட்டி, வழக்கமாக அனுப்புவதையும் கூடவே அனுப்பினாள். அவருடைய ஜெராக்ஸ் கடையில்தான் தெரு முழுக்க டிக்கெட் எடுக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் நசீரா அக்கா காகிதத்தைக் கொண்டுவந்து கையில் திணித்த நேரம் பார்த்து, சங்கவி டீயோடு உள்ளே வந்தாள். சௌமியா பதறிப்போய்க் காகிதத்தை மடித்து பூட்ஸுக்குள் செருகினாள். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பிரித்துப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. தங்கையைக் கப்பலேற்றும் காகிதம். அதைக் கண்ணால் பார்த்தால் கூசாதா?

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். பார்க்கில், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் சொல்கிற மாதிரி. ‘உனக்கு டிக்கெட் போட்டாச்சுடி சங்கவி.’ ஆட்டோவில் ஏறும்போது இதைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கவியின் போன் அடித்தது. திரையில் ‘அம்மா’ என்று வந்தது. அவள் கட் செய்துவிட்டு, அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி எடுக்கல?”

“அப்பறம் பேசிக்கலாம்க்கா. ஆட்டோல சத்தம் கேக்காது.”

ஆட்டோ இன்னும் கிளம்பவே இல்லை.



சிப்பிகாட் போகிற வழியில் ஆறு மாதத்துக்கு முன்னால் திறந்த ‘ஐலேண்ட் மஸ்தி’ பார்க்குக்குப் போகலாம் என்று சொன்னது செந்தமிழன்தான். மின்சாரத் துறையில் ஜூனியர் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமையானால் போர்வையை விட்டு வெளியே வராத மனிதன். மூன்று நாளாக அவன் போக்கே சரியில்லை. வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வாங்கி வந்தான். சனிக்கிழமை, கேட்காமலே குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவனும் சங்கவியும் அடுக்களை ஓரத்தில் குசுகுசுவென்று பேசுவதும், இவள் இருமினால் நிறுத்துவதுமாக இருந்தார்கள்.

பதிமூன்று வருடத்தில் பூ வாங்கி வராத புருஷன் பூ வாங்கி வந்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதைத்தான் சௌமியாவும் நினைத்தாள்.

பார்க் வாசலில் கூட்டம் அலைமோதியது. வங்காளிக் குடும்பங்கள், தெலுங்குக் குடும்பங்கள், ராஞ்சிக்காரர்கள், மெயின்லேண்டிலிருந்து வந்த டூரிஸ்ட்டுகள். நடுவே, முதுகில் பார்க்கின் பெயர் எழுதிய சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சௌமியா அதில் உட்கார்ந்தாள். சங்கவி கேட்காமலே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் இந்தியில் கேட்டார். லோக்கலா, மெயின்லேண்டா? லோக்கல் என்றால் பாதிக் கட்டணம், ஐலேண்டர் கார்டு காட்ட வேண்டும். தீவுக்காரர்கள் உப்பு வாங்கவும் கப்பல் ஏறவும் நீட்டுகிற அதே கார்டு.

“லோக்கல்தான் பாய் சாப். சப் லோக்கல்” என்று எல்லோரையும் கைகாட்டினான் செந்தமிழன். பிறகு குனிந்து பெண்டாட்டி காதில் சொன்னான். “சௌமி, வீல்சேர்ல வர்றவங்களுக்கு டிக்கெட்டே கிடையாதாம். ஃப்ரீ. உன் கார்டு சும்மாத்தானே கெடக்கு? சங்கு அதுல வந்துரட்டும்.”

சும்மாத்தானே கிடக்கு. சௌமியா பையைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

“வேணாம் அத்தான், நான் முழு டிக்கெட்டே எடுத்துக்கிறேன்” என்றாள் சங்கவி.

“அட, சும்மா இரு. யாரு பாக்கப் போறா?”

கவுன்ட்டர்க்காரர் பார்த்தார். கார்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார், சங்கவியின் முகத்தைப் பார்த்தார். அது சௌமியா கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த புதிதில் எடுத்த போட்டோ. அதே நெற்றி, அதே ஒல்லி முகம், அதே சிரிப்பு. அவருக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. சௌமியாவே நேரில் நின்று கார்டை நீட்டியிருந்தால் ஒருவேளை வந்திருக்கும்.

“ஃபேமிலி பாஸ்” என்றார். செந்தமிழன், சௌமியா, நேத்ரா என்று பெயர் எழுதிக்கொண்டு மூன்று பேர் மணிக்கட்டிலும் சிவப்புப் பட்டை கட்டினார்கள். எல்லா ராட்டினமும் ஏறலாம். நாற்காலிக்காரிக்கு வெள்ளைப் பட்டை. வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.

“இவங்க யாரு?” என்று நாற்காலியைக் காட்டிக் கேட்டார் கவுன்ட்டர்க்காரர்.

செந்தமிழன் ஒரு கணம் முழித்தான். “தீதி. ஒய்ஃபோட அக்கா.”

அது ஒன்றும் முழுப் பொய்யில்லைதான். ஆனால் சௌமியா மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். பெயர் அவளிடம், புருஷன் அவளிடம், மகள் அவள் கையைப் பிடித்திருக்கிறாள். எனக்கு? வெள்ளைப் பட்டை.



ஒரு தீம் பார்க்கை இடுப்பு உயரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? வெறும் பெல்ட்டும் பாப்கார்ன் கவரும்தான் தெரியும். மனிதர்கள் உங்களிடம் பேச மாட்டார்கள், உங்களைத் தள்ளுகிறவரிடம் பேசுவார்கள். “தீதிக்குத் தண்ணி வேணுமா?” என்று கடைக்காரர் சங்கவியைக் கேட்டார். தீதிக்கு வாய் இல்லையா என்று சௌமியாவுக்கு வந்தது.

நேத்ரா பறந்துகொண்டிருந்தாள். “சித்தி, தேக்கோ! சித்தி, ஜல்தி வா!” முட்டுகிற கார், சுழல்கிற கோப்பை, தண்ணீர்ச் சறுக்கு. ஒவ்வொன்றுக்கும் சித்திதான் கூடப் போக வேண்டும். சௌமியாவின் மடியில் செருப்பும் கைப்பையும் நனைந்த துண்டும் ஐஸ்கிரீம் குச்சியும் சேர்ந்துகொண்டே போயின. தன் குழந்தை முதன்முதலாகத் தண்ணீர்ச் சறுக்கில் இறங்கி வருவதை, ஐம்பதடி தள்ளி ஒரு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சங்கவியின் மடியில் உட்கார்ந்து, சங்கவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சங்கவியோடு சேர்ந்து கத்திக்கொண்டே வந்தாள் குழந்தை.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க சௌமியா தயாராக இல்லை. கால் வலி என்று சொல்லிக்கொண்டாள்.

“வலிக்குதாக்கா? பூட்ஸைக் கொஞ்சம் லூஸ் பண்ணட்டுமா?” ஈரத்தலையோடு ஓடி வந்து குனிந்தாள் சங்கவி.

“தொடாத!”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்தச் சத்தம் இருந்தது. சங்கவி கையை எடுத்துக்கொண்டாள். அவள் கண் நேராக பூட்ஸின் பக்கவாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியதைச் சௌமியா கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தாள். அப்போதுதான் ஸ்பீக்கர் கொரகொரவென்று இருமியது.

மேடையில் தொகுப்பாளினி ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ உற்சாகமாகச் சொன்னாள். ஃபேமிலி பாஸ் எடுத்தவர்களில் குலுக்கல் போட்டு, தினம் ஒரு தம்பதியை ‘ஆஜ் கி ஜோடி’ என்று தேர்ந்தெடுப்பார்களாம். இன்றைய ஜோடி...

“செந்தமிழன்ஜி அவுர் சௌமியாஜி! ஸ்டேஜ் பே ஆயியே!”

கூட்டம் கை தட்டியது. செந்தமிழனின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

“போகல. போக வேணாம். பேசாம இருப்போம்” என்றாள் சங்கவி.

ஆனால் சிவப்புப் பட்டை கட்டிவிட்ட கவுன்ட்டர்க்காரரே கூட்டத்தில் நின்று இவர்களைக் கைகாட்டிவிட்டார். இதோ, இவங்கதான்!

“போங்க” என்றாள் சௌமியா. குரல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. “இப்ப இல்லேன்னு சொன்னா கார்டு விஷயம் வெளிய வந்துரும். கவர்மென்ட் வேலையில இருக்கீங்க. போங்க ரெண்டு பேரும். ஜோடியா போங்க.”

போனார்கள். என்ன செய்வார்கள்?

மேடையில் இருவர் கழுத்திலும் சாமந்தி மாலை விழுந்தது. சௌமியாவுக்குத் தன் கல்யாணத்தில் செந்தமிழன் இவ்வளவு கூச்சப்பட்டு நின்றதாக ஞாபகம் இல்லை.

தொகுப்பாளினி விடுவதாக இல்லை. மூன்று கேள்வி கேட்டாள், மனைவிதான் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வி கல்யாண நாள். சங்கவி தட்டுத் தடுமாறி இந்தியில் சரியாகச் சொன்னாள். அக்கா கல்யாணத்துக்குப் புதுப் பாவாடை தைத்தவளுக்குத் தெரியாதா? இரண்டாவது கேள்வி, இவருக்குப் பிடித்த சாப்பாடு. கூட்டமே சிரிக்கிற மாதிரி, “மச்லி கரி. தெரண்டி மச்லி” என்று திருக்கை மீனைச் சொன்னாள். மூன்றாவது, இவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்?

இது தெரியாது என்று சௌமியா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

“பேச மாட்டாங்க. ஃபேன் ரெகுலேட்டரைக் கழட்டித் திரும்ப மாட்டுவாங்க” என்றாள் சங்கவி.

செந்தமிழன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். கூட்டம் விசிலடித்தது.

அந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க சௌமியாவுக்கு மூன்று வருடம் ஆயிற்று. ரெகுலேட்டரில் கை வைக்கிறான் என்றால் தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வருடம். இவள் இரண்டரை மாதத்தில் அதைத் தெரிந்துகொண்டு, மைக்கில் வேறு சொல்கிறாள். சௌமியாவின் கை தானாக பூட்ஸைத் தடவியது. வியாழக்கிழமை வரை எதற்கு, இன்றைக்கே ஒரு கப்பல் இருந்தால் தேவலை.

பரிசு என்ன தெரியுமா? பெரிய ராட்டினத்தில், இதயம் வரைந்த சிவப்புக் கூண்டில் ஜோடியாக ஒரு சுற்று.



நேத்ராவைப் பொம்மை ரயிலில் ஏற்றிவிட்டுத்தான் அவர்கள் இருவரும் ராட்டினத்துக்குப் போனார்கள். சௌமியா உட்கார்ந்திருந்த சரளைக்கல் திட்டைச் சுற்றித்தான் அந்த ரயில் ஓடியது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நேத்ரா வந்து வந்து போனாள். ஒவ்வொரு தரமும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“ம்மா, சித்தி எங்க?”

சித்தி மேலே இருந்தாள். ராட்டினம் மேலே போய் நின்றுவிட்டது. அங்கிருந்து பார்த்தால் சிப்பிகாட் தோட்டங்களும் அதற்கப்பால் கடலும் தெரியுமாம். அவர்கள் கடலைப் பார்க்கவில்லை. சௌமியா கழுத்தை வளைத்துப் பார்த்தாள். சங்கவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். செந்தமிழன் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அவன் அவள் தலையில் கை வைத்துத் தட்டிக் கொடுத்தான்.

போதும். சௌமியா முடிவு செய்துவிட்டாள். போகிற போக்கில் சொல்வதெல்லாம் கிடையாது.

இறங்கி வந்தபோது சங்கவியின் மூக்கு சிவந்திருந்தது. மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

“ஆகாசத்துல நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள் சௌமியா.

“சௌமி, உன்கிட்ட கொஞ்சம் பேசணும்” என்றான் செந்தமிழன்.

“நானும் பேசணும். மொதல்ல நான் பேசிடுறேன்.”

குனிந்து பூட்ஸின் பெல்ட்டைப் பர்ரென்று கிழித்தாள். ஸ்பாஞ்சுக்குள் விரலை விட்டுக் காகிதத்தை உருவி, இருவருக்கும் நடுவே நீட்டினாள்.

“வியாழக்கிழமை கப்பல். டிக்கெட் போட்டாச்சு. இதுக்கு மேல யாரும் ஒண்ணும் பேச வேணாம்.”

தங்கை அழுவாள், புருஷன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. இருவரும் ஆச்சரியப்படக்கூட இல்லை.

“தெரியும்” என்றான் அவன்.

“என்ன தெரியும்?”

“வெள்ளிக்கிழமை ஸ்பாஞ்ச் நாத்தமடிக்குதேன்னு தோய்க்க எடுத்தேன்க்கா, நீ குளிக்கப் போயிருந்தப்ப” என்றாள் சங்கவி மெதுவாக. “உள்ள இது இருந்துச்சு. பிரிச்சுப் பாத்துட்டேன். தப்புதான். அப்பறம் இருந்த மாதிரியே மடிச்சு வெச்சிட்டேன்.”

சௌமியா தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்தேவா? தன்னைத் துரத்துகிற டிக்கெட்டைத் தன் கையாலேயே மடித்து வைத்துவிட்டு, மூன்று நாளாகச் சோறு ஆக்கிப் போட்டு, அந்தக் காலையே துடைத்துவிட்டாளா? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

செந்தமிழன் சரளைக்கல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவளுடைய இரண்டு கையையும் பிடித்தான்.

“போகாத, சௌமி.”

“யாரு?”

“குழம்பைப் பத்தி நான் பேசுனது தப்பு. அதுக்காக வீட்டை விட்டே போயிடுவியா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு? மூணு நாளா எனக்குத் தூக்கமில்லடி. உன்கிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு சங்கு கிட்டதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். பார்க்குக்குப் போவோம், மனசு மாறும்னு அவதான் சொன்னா. இப்ப மேல நின்னுச்சே, அப்பக்கூட அவ ‘என்னாலதான் அக்கா போறா’ன்னு ஒரே அழுகை.”

சௌமியா மெல்ல அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். கொண்டுவந்த நாளிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பிரிக்கிறாள்.

பயணியின் பெயர்: சௌமியா செந்தமிழன். பெண். வயது முப்பத்தாறு. ஐலேண்டர்.

புரிந்துவிட்டது. கப்பல் டிக்கெட் என்றால் இந்த ஊரில் கை தானாக ஐலேண்டர் கார்டைத்தான் தேடும். யாருக்கு என்று எழுதக் கூசிக்கொண்டு, வாஹித் பாய்க்கு அவள் அனுப்பியது தன்னுடைய கார்டின் போட்டோவை. பதிமூன்று வருடப் பழக்கம். கார்டு யாருடையதோ அவர்தான் பயணி, வாஹித் பாய் வேறெதைக் கேட்பார்?

சௌமியா தலையைத் தூக்கினாள். எதிரே புருஷன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். மல்லிகைப்பூ அவளுக்காக. குசுகுசுப் பேச்சு அவளுக்காக. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் இந்தக் கைகள் விட்டுவிடும்.

“ஆமா” என்றாள். “போகத்தான் நெனச்சேன்.”

அவன் அவளுடைய விரல்களைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது சௌமியாவுக்கு. இவ்வளவு சுலபமா?

பொம்மை ரயில் ஒரு சுற்று முடித்துக் கடந்து போனது.

“அக்கா.” சங்கவி குனிந்து, அக்காவின் மடியில் கிடந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு உன் பேரைப் பாத்ததும் மடிச்சு வெச்சிட்டேன், மத்ததைப் படிக்கவே இல்ல. இது பங்க் கிளாஸ். அப்பர்.”

“அ... அதுதான் இருந்துச்சாம்.”

“படி ஏற முடியாம ஹால்ல படுத்திருக்க. மூணு நாள் கப்பல்ல மேல் பங்க்ல எப்படி ஏறுவ?”

சௌமியா குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டாள்.

“நேத்ராவுக்கு டிக்கெட் இல்ல” என்றாள் சங்கவி. கேள்வி கேட்கிற குரலாக இல்லை. தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். “அவளை விட்டுட்டு நீ ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி தங்க மாட்டேன்னு அழுத. அவளை விட்டுட்டா மெட்ராஸ் போவ?”

செந்தமிழன் தன் நெற்றியிலிருந்து அவள் கையை இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இது எனக்கு எடுத்தது. இல்லக்கா?”

சௌமியா டிக்கெட்டிலிருந்து கண்ணை எடுத்துப் பொம்மை ரயில் பக்கம் திருப்பினாள். தன்னைப் பிடித்திருந்த புருஷனின் கை மெல்லத் தளர்ந்து நழுவுவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவன் எழுந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த சரளைத் தூசியைத் தட்டினான். எதையாவது கழற்றி மாட்ட வேண்டும் போல அவன் விரல்கள் நாற்காலியின் பிரேக்கைத் தேடின. பிறகு நேத்ராவை அழைக்க ரயிலடிக்கு நடந்துவிட்டான்.

“நான் என்னக்கா பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல” என்றாள் சௌமியா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எல்லாத்தையும் நீயே பண்ண. எனக்குன்னு ஒண்ணையும் விட்டு வெக்கல. ரெகுலேட்டர் விஷயம்கூட உனக்குத் தெரிஞ்சிருக்கு. என் வீட்டுல எனக்கே வெள்ளைப் பட்டையைக் கட்டி உக்கார வெச்சிட்டீங்களேடி.”

சங்கவி நிமிர்ந்தாள். கையில் சுருட்டி வைத்திருந்த மாலையைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். டிக்கெட்டை எட்டாக, முன்பு இருந்த மாதிரியே மடித்தாள்.

“சரிக்கா. காலையிலேர்ந்து உன் பேர்லதானே சுத்திக்கிட்டு இருக்கேன். கப்பல்லயும் அப்படியே ஏறிக்கிறேன். வியாழக்கிழமை வரைக்கும் உன் கார்டு என்கிட்டயே இருக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். குனிந்து, பிரிந்து தொங்கிய பூட்ஸ் பெல்ட்டை இழுத்து ஒட்டினாள். அதிகம் இறுக்கவில்லை, தளரவும் விடவில்லை. பிறகு பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

நாற்காலி நகர்ந்தது. சரளையில் பெரிய கல் வந்த இடத்திலெல்லாம், எப்போதும் போல, முன் சக்கரத்தைத் தூக்கித் தாண்ட வைத்தாள். காலையில் அந்த அக்கறையைப் பார்த்து எரிச்சல்பட்டவளுக்கு இப்போது ஒவ்வொரு கல்லும் நெஞ்சில் இடித்தது. நில்லு, போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. ரயில் பக்கமிருந்து நேத்ரா “சித்தீ!” என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

வாசலுக்குப் பக்கத்தில் சங்கவியின் போன் மறுபடி அடித்தது. அவள் எடுத்துப் பார்த்து மறுபடியும் கட் செய்தாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. மெட்ராஸ்ல இறங்கி நான் எங்க போறதுன்னு மட்டும் சொல்லிடு.”

“எங்கயா? பரமக்குடிக்குத்தான். அம்மா வீட்டுக்கு.”

நாற்காலி நின்றுவிட்டது. சௌமியா திரும்பிப் பார்க்க முயன்றாள். இடுப்பு உயரத்திலிருந்து தங்கையின் கைகள் மட்டும்தான் தெரிந்தன. கைப்பிடியை அவை இறுகப் பற்றியிருந்தன.

“அப்ப அம்மா உன்கிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?” என்றாள் சங்கவி.